மூன்று பை செஸ்ஸும் மூன்றாம் வகுப்பு வண்டியும்



தஞ்சாவூர் ஜில்லாவில் மாயவரத்திலிருந்து தெற்கு நோக்கித் திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் வழியாக அறந்தாங்கி வரையில் செல்லும் இருப்புப்பாதையானது, லண்டன் கம்பெனியார் லாபத்தைக் கருதிப் போட்டதும் அன்று. சர்க்கார் சேனைகளைக் கொண்டுசெல்லும் பொருட்டுப் போட்டதும் அன்று. அந்த ஜில்லாவில் நிலவரி செலுத்திய குடிகள், ரூபாய் ஒன்றுக்கு மூன்று பை வீதம் தனியாக செஸ் கொடுத்து, தங்கள் ஜில்லா போர்டைக் கொண்டு அமைத்துக்கொண்ட பாதை அது. ஐக்கிய நாணய சங்கங்களுக்கு இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் ஏற்பட்டது 1904ஆம் வருஷத்தில். அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்னரே இந்தப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. சிறு தொகைகளைப் பலரிடமிருந்து சேர்த்து ஒரு பெருங் காரியத்தைச் செய்து முடிப்பது எவ்வாறு என்பதற்கு இது நல்ல உதாரணமாகும். ஆனால் பாதையைத் தம் பணத்தால் பெற்ற ஜனங்கள், அதன்மேல் ஓடிய வண்டியில் தமக்குரிய இடத்தையும் பெற்றார்களா என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று. அந்தக் கேள்வியே இன்றைய விஷயம்.

முதலில் அந்தப் பிரதேசத்தின் அமைப்பை மனத்திற் கொள்ளவேண்டும். காவேரியும் அதன் கிளைகளும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலில் விழுகின்றன. ஆகையால் கிழக்கு மேற்காகச் செல்பவனுக்கு ஆறு துணையாக உடன் வரும். வடக்கு தெற்காகச் செல்பவனுக்கோ இரண்டு மூன்று மைலுக்கு ஓர் ஆறு குறுக்கே நிற்கும். ரயில் கம்பெனியாரும் முதலில் எளிதான திக்கையே பிடித்தார்கள். கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே என்னும் கம்பெனியார் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு 1861இலும், அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1862இலும் பாதை திறந்தனர். அக்கம்பெனியின் மூலதனத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி கிடைக்குமென்று சர்க்கார் பொறுப்பேற்றிருந்தனர். வரும்படி குறைந்தால் குறைந்ததை நிரப்புவது ஜனங்கள் செலுத்தும் வரிப்பணமே. முதலில் அது ஐந்தரை அடி அகலப் பாதை. சுமார் பதினைந்து வருஷங்களுக்குள் அதைப் பெயர்த்து மீட்டர் அளவுக்கு, அதாவது 3 அடி 3⅜ அங்குல அகலத்துக்கு, மாற்றினார்கள். 1870களின் இறுதியில் சென்னையிலிருந்து வந்த பிரதான பாதையும் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவேரியை ஒட்டியே சென்றது. ஆக ஜில்லாவின் வடபகுதியில் இரண்டு பாதைகள் ஏற்பட்டன. தெற்கே திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைத் தாலூகாக்களில் ஒன்றுமில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் களிமண் பூமியில் பார வண்டி அச்சளவு புதைந்து நின்றுவிடும். நெல் களத்தில் இருந்தாலும் விலை கிடைக்கும் ஊருக்கு அதைக் கொண்டுபோக வழியில்லை.

இந்தக் குறையை நீக்கக் கம்பெனியாரிடம் மனுச் செய்துகொண்டு காத்திருப்பதைவிட வேறு வழியும் உண்டு என்று கண்டதே ஜில்லா போர்டின் சிறப்பு. 1871ஆம் வருஷத்து உள்ளூர் நிதிச் சட்டத்தாலும், பின்னர் 1884ஆம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தாலும், ரோடு, பாலம், ஆஸ்பத்திரி முதலியவற்றுக்காக நிலத்தின்மேல் செஸ் விதிக்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு மேற்கொண்டு மூன்று பை ரயில்வேக்கென்றே வசூலிக்கப்பட்டது. மூன்று பை என்பது காலணா. அக்காலத்து ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு பை. ஆக ரூபாய்க்கு 192 பை. பத்து ரூபாய் கிஸ்தி கட்டும் சிறு பட்டாதாருக்கு இந்த செஸ் வருஷத்துக்கு இரண்டு அணா ஆறு பை ஆகும். நூறு ரூபாய் கட்டும் மிராசுதாருக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணா. எவரும் இதனால் நிலத்தை விற்கவில்லை. வண்டல் மண்ணும் ஆற்றுப் பாசனமும் உள்ள ஜில்லாவாதலால் கிஸ்தித் தொகை பெரிது. ஆகவே காலணாவும் சேரச் சேரப் பெருந்தொகையாயிற்று. பட்டா இல்லாத குத்தகைதாரனும் பண்ணையாளும் செஸ் கணக்கில் பெயர் காணாதவர்கள் என்பது மெய்யே. ஆனால் அவர்களும் இந்தப் பாதைக்குப் பணம் கொடுத்தவர்களே என்பது டிக்கட்டு விற்பனை தொடங்கியபின் விளங்கும்.

மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ஏறக்குறைய 54 மைல் தூரம். இந்தப் பகுதி 1894 ஏப்ரல் 2ஆம் தேதி திறக்கப்பட்டது. பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர் என்று தெற்கே இறங்கும் பாதை, அரசலாறு, திருமலைராஜனாறு, முடிகொண்டானாறு முதலாகப் பல ஆறுகளையும், கணக்கில் அடங்காத வாய்க்கால்களையும் பாலமிட்டுக் கடந்தது. பாலம் வேண்டாத இடத்தில் மதகு வேண்டும். மதகு சிறிதானால் மேற்புறத்து வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். இருப்புப்பாதையின் மேடு வயற்பூமியில் ஓர் அணைபோல் நிற்பதால், டெல்டாவில் ரயில் போடுகிறவன் பாசன வழியையும் அறிந்தவனாக இருக்கவேண்டியிருந்தது. முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டைக்கு 1902 அக்டோபர் 20ஆம் தேதியும், அங்கிருந்து அறந்தாங்கிக்கு 1903 டிசம்பர் 31ஆம் தேதியும் பாதை நீண்டது. மொத்தம் ஏறக்குறைய நூறு மைல். பேரளத்திலிருந்து பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்காலுக்கு 1898இல் ஒரு கிளை பிரிந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியத்துக்கு 1919இலும், அதற்கு அப்பால் கோடிக்கரைக்கு 1936இலும் மற்றொரு கிளை சென்று, உப்பளங்களின் உப்பு வெளியூர்களுக்குப் போக வழி உண்டாக்கிற்று.

தஞ்சாவூரைப் பார்த்து ஏனைய ஜில்லா போர்டுகளும் முன்வந்தன. கிருஷ்ணா ஜில்லாவில் பெஜவாடா - மசூலிப்பட்டணம் பாதையும், கோயமுத்தூர் ஜில்லாவில் 1915இல் போத்தனூர் - பொள்ளாச்சிப் பாதையும், குண்டூர் ஜில்லாவில் தெனாலி - ரேபல்லிப் பாதையும், திருநெல்வேலி ஜில்லாவில் 1923இல் திருச்செந்தூர்ப் பாதையும் இவ்விதம் ஏற்பட்டவையே.

இனி வண்டிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பாதை போர்டுடையது, ஆனால் அதில் ரயிலை ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனியாருடையது. ஓட்டும் செலவுக்காகக் கம்பெனிக்குரிய பங்கு போக மிச்சம் போர்டைச் சேரும். இவ்வேற்பாடு புத்தியுள்ள ஏற்பாடே. நூறு மைல் பாதைக்கென்று தனியாக எஞ்சின்களும், தொழிற்சாலையும், டிரைவர்களும் வைத்துக்கொண்டிருந்தால் செஸ் பணம் அதிலேயே கரைந்திருக்கும். ஆயினும் இதனால் ஒரு விளைவு ஏற்பட்டது. எவ்வகை வண்டி, எத்தனை வண்டி, எந்த நேரத்தில் என்னும் விஷயங்களில் குடிகளின் பிரதிநிதிகள் கேட்கலாமேயன்றிக் கட்டளையிட முடியவில்லை. நிலம் நம்முடையது, ஏரும் மாடும் அயலானுடையது என்றால் உழவு எவ்வாறு நடக்குமோ அவ்வாறே நடந்தது.

அக்காலத்து மூன்றாம் வகுப்பு வண்டி இப்படிப்பட்டது: இரும்புச் சட்டத்தின்மேல் தேக்குமரத்தால் கட்டிய பெட்டி, பழைய வண்டிகளுக்கு நான்கே சக்கரம், பிற்பாடு வந்தவற்றுக்கு முனைக்கு நான்காக எட்டுச் சக்கரம். எட்டுச் சக்கர வண்டியில் சக்கரக் கூட்டம் தானே திரும்பும் அமைப்பு இருப்பதால் வளைவில் இழுப்புக் குறைவு. தண்டவாளப் பொருத்துகளில் அடியும் குறைவு. நான்கு சக்கர வண்டியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தவன் இறங்கியபின்னும் உடம்பு ஆடிக்கொண்டிருப்பதாகவே உணர்வான். பெட்டிக்குள் குறுக்குத் தடுப்புகள்; ஒவ்வோர் அறைக்கும் இரு புறமும் கதவு; ஒரு அறையிலிருந்து மற்றொன்றுக்குப் போக உள்ளே வழியில்லை. டிக்கட்டுப் பரிசோதகர் ஓடும் வண்டியின் வெளிப்புறத்துப் படிப்பலகையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அறை அறையாகச் செல்வார். ஆசனம் வெறும் பலகை. முதுகுக்கு ஒரு சட்டம் இருந்தால் அதிகம். ஜன்னலுக்கு மரச்சட்டக் கதவு. மழை வந்தால் அதை ஏற்றவேண்டும். ஏற்றினால் காற்றும் வெளிச்சமும் போய்விடும். அந்தி நேரத்தில் ஸ்டேஷன் வேலைக்காரன் கூரைமேல் ஏறி நடந்து, ஒவ்வொரு துவாரத்திலும் எண்ணெய் விளக்கை இறக்கி வைப்பான். பின்னர் சில வண்டிகளில் கியாஸ் விளக்கும், அதற்கும் பின்னர் அச்சில் பட்டை மாட்டிச் சுழலும் டைனமோவால் எரியும் மின்சார விளக்கும் வந்தன. இவை யாவும் முதலில் மேல்வகுப்புக்கே வந்து, நெடுங்காலம் கழித்தே மூன்றாம் வகுப்புக்கு இறங்கின என்று சொல்லத் தேவையில்லை. நாட்டின் வேறு சில ரயில்வேக்களில் பலகை ஆசனங்கூட இல்லாமல், நின்றோ தரையில் குந்தியோ போகும் வண்டிகளும் ஒரு காலத்தில் இருந்தன. அதை நினைத்தால் பலகையும் பாக்கியமே!

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதவை இரண்டு. ஒன்று நெருக்கடி, மற்றொன்று கழிப்பிடம் இல்லாமை. இவ்விரண்டையும் பற்றி 1890ஆம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டத்தில் தெளிவான விதிகள் இருந்தன என்பதைப் பிரயாணிகளில் பெரும்பாலோர் அறியவில்லை. அச்சட்டத்தின் 63வது பிரிவின்படி, ஒவ்வோர் அறையிலும் அதிகமாய் எத்தனை பேர் ஏறலாமென்று ரயில்வே நிர்வாகத்தார் நிர்ணயித்து, அந்த எண்ணிக்கையை அறைக்கு உள்ளேயாவது வெளியேயாவது நன்றாகத் தெரியும்படி எழுதி வைக்கவேண்டும். 64வது பிரிவின்படி, 1891 ஜனவரி 1ஆம் தேதி முதல், பிரயாணிகளை ஏற்றும் ஒவ்வொரு ரயிலிலும் கடைசி வகுப்பில் ஓர் அறையாவது ஸ்திரீகளுக்கென்றே ஒதுக்கப்படவேண்டும். ரயில் 50 மைலுக்கு மேற்பட்ட தூரம் ஓடுவதாயிருந்தால் அவ்விதம் ஒதுக்கிய அறை ஒன்றில் கக்கூஸ் அமைக்கவேண்டும்.

மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 54 மைல் என்பதைச் சபையோர் இங்கே நினைவுகூர வேண்டும். பாதை நான்கைந்து மைல் குறைந்து முடிந்திருந்தால் சட்டப்படி அந்த ஒரு வசதியும் கேட்க இடமிருந்திராது. ஐம்பது என்று கோடு கிழித்தவர்கள் ஓர் எக்ஸ்பிரஸின் வேகத்தை மனத்தில் வைத்துக் கிழித்தார்கள்போலும். கிளைப்பாதைகளிலோ, பிரயாணிகள் வண்டியும் சாமான் வண்டியும் ஒன்றாய்க் கோத்து ஓடுவது வழக்கம். நடுவிலுள்ள ஸ்டேஷன்களில் நெல் மூட்டை ஏற்றும் வண்டியைக் கழற்றி மாட்டும்வரையில் பிரயாணிகள் காத்திருக்கவேண்டும். மைல் கணக்குக்கும் மணிக் கணக்குக்கும் சம்பந்தமே இராது. முத்துப்பேட்டைக்கு நடுவழியில் ஏறி நடுவழியில் இறங்கும் கர்ப்பிணிக்கு ஐம்பது மைல் என்னும் கோட்டால் என்ன பயன்? இச்சட்டத்தில் ஆண்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் வகுப்பில் எல்லா அறைகளுக்கும் கழிப்பிடம் என்பது வெகு காலம் கழித்து, சிறிது சிறிதாகவே நடைமுறைக்கு வந்தது. அதுவரையில் வண்டி நின்ற ஸ்டேஷனில் இறங்கி ஓடுவதும், மணியோசை கேட்டுத் திரும்பி ஓடுவதும் பிரயாணத்தின் ஓர் அங்கமாகவே இருந்தன.

எழுதிவைத்த எண்ணிக்கையின் கதி இதைவிட வேடிக்கையானது. சாதாரண நாளில் அது ஒருவாறு காப்பாற்றப்படும். திருவிழாக் காலத்தில் அதைப் படிப்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. திருவாரூர்த் தேர், நாகூர்க் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா, மாயவரத்தில் ஐப்பசித் துலா ஸ்நானம் ஆகியவை இந்தப் பாதையைச் சுற்றி நடப்பவை. அவற்றுக்குச் செல்லும் கூட்டத்தைச் சுமக்கப் பிரயாணிகள் வண்டி போதாமையால், இந்திய ரயில்வேக்கள் பலவற்றில் சாமான் ஏற்றும் மூடிய இரும்பு வண்டிகளைக் கோத்து யாத்திரிகர்களை ஏற்றும் வழக்கம் இருந்தது. உட்காரப் பலகையில்லை, ஜன்னலில்லை, கதவைச் சாத்தினால் இருள். நெல் மூட்டை நனைந்தால் கம்பெனியார் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். மனிதன் வியர்வையில் நனைந்தால் ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை.

இக்குறையை நாடு முழுவதும் பேசும்படி செய்தவர்களுள் காந்தியடிகள் முக்கியமானவர். 1917ஆம் வருஷத்தில் அவர் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்து, கண்டதைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டியில் 22 பேர் உட்காரத்தான் இடமுண்டு, படுக்க இடமில்லை என்பதையும், அந்த எண்ணிக்கையும் மீறப்பட்டதையும் விவரித்தார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் முதல் வகுப்பின் சௌகரியத்தில் ஐந்தில் ஒன்றாவது, ஏன், பத்தில் ஒன்றாவது மூன்றாம் வகுப்பானுக்குக் கிடைக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. கணக்குத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. பிரயாணிகளால் வரும் வருமானத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது மூன்றாம் வகுப்பே என்பதை ரயில்வேக் கணக்குகளே காட்டின. மெத்தை போட்ட வண்டி பாதி காலியாக ஓட, அதன் செலவைப் பலகையில் நெருங்கியிருந்தவனின் காசு தாங்கிற்று. தஞ்சாவூர்ப் பாதையிலும் மிச்சம் என்று போர்டின் கணக்கில் ஏறிய தொகையின் பெரும்பகுதி, நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் ஊர் விட்டு ஊர் போன பண்ணையாட்களும், சந்தைக்குப் போன சிறு வியாபாரிகளும், கோர்ட்டுக்கும் கோயிலுக்கும் போன குடிகளும் கொடுத்த டிக்கட்டுக் காசே அல்லவா? மேலே சொன்ன பட்டா இல்லாதவர்களின் பங்கு இதுவே.

ஆயினும் அந்தப் பலகை செய்த ஒரு நன்மையை மறைக்கலாகாது. தெருவில் ஒதுங்கி நடக்கவேண்டுமென்று விதிக்கப்பட்டிருந்தவனும், ஒதுங்கச் சொன்னவனும், ஒரே விலைக்கு டிக்கட்டு வாங்கி ஒரே பலகையில் உட்கார நேர்ந்தது. வகுப்பைக் காசு பிரித்ததேயன்றி ஜாதி பிரிக்கவில்லை. இது ரயில்வேக்காரர் கருதிச் செய்த சீர்திருத்தமன்று. ஜாதிக்கொரு பெட்டி கோப்பது கட்டுப்படியாகாது என்பதே காரணம். ஸ்டேஷன் போஜனசாலைகளிலோ கதை வேறு. அங்கே பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று தென்னிந்திய ரயில்வேயில் பலகை தொங்கிற்று. பெரியார் ஈ.வெ. ராமசாமியும் அவரைச் சேர்ந்தோரும் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1941ஆம் வருஷத்தில்தான் அந்த வித்தியாசம் நீங்கிற்று. வண்டியில் ஒன்றாய் வந்தவர்கள் இறங்கிச் சாப்பிடும்போது பிரிந்து, மறுபடியும் ஒன்றாய் ஏறிக்கொண்ட விநோதம் அதுவரையில் நடந்தது.

வண்டிகளின் நிலை ஓரளவு திருந்தியதற்கு மனுக்களும் தீர்மானங்களும் காரணமென்று சொல்வது மரியாதையாயிருக்கும். உண்மையில் பெரிய காரணம் மோட்டார் பஸ். 1920களிலிருந்து பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாரூர்ச் சாலைகளில் ஓடத் தொடங்கிய பஸ், பிரயாணியை அவன் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டது. கை காட்டிய இடத்தில் நின்றது. கிளைப்பாதைகளின் வரும்படி குறைந்தது. சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியை ஆராய மிட்செல், கிர்க்னெஸ் என்னும் இரு உத்தியோகஸ்தர்களை இந்திய சர்க்கார் 1932இல் நியமிக்கும் அளவுக்கு இது வளர்ந்தது. போக்குவரத்து டிக்கட்டில் சலுகை, திருவிழாச் சலுகை, அதிக நிறுத்தங்கள் முதலியவற்றை ரயில்வேக்கள் அப்பொழுதுதான் யோசிக்கத் தொடங்கின. வேறு வழியில்லாதவனுக்கு மனு. வேறு வழியுள்ளவனுக்குச் சலுகை. இரண்டாவது உலக யுத்தம் வந்தது, பெட்ரோல் கட்டுப்பாட்டால் பஸ் குறைந்தது, ரயிலும் குறைந்தது, அவசியமின்றிப் பிரயாணம் செய்யாதீர்கள் என்ற விளம்பரமே மிஞ்சிற்று.

சுதந்திரத்துக்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1951 ஏப்ரல் 14ஆம் தேதி தென்னிந்திய ரயில்வேயும், சென்னை தென்மராட்டா ரயில்வேயும், மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. ஜில்லா போர்டின் பாதையும் அந்தப் பெரிய அமைப்பில் ஒரு கிளையாயிற்று. 1952இல் அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்குப் பாதை நீண்டதும், நூறு மைலில் முட்டி நின்ற பாதை இருமுனையும் திறந்த பாதையாயிற்று. சென்னை எழும்பூரிலிருந்து இவ்வழியே காரைக்குடிக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் என்னும் இரவு வண்டி பல வருஷம் ஓடிற்று. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, முற்றும் உருக்கினாலான பெட்டிகளைச் செய்யலாயிற்று. அடிச்சட்டமும் சுவரும் கூரையும் ஒரே கூடாக இணைந்திருப்பதால், மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டி மற்றொன்றினுள் புகுந்துவிடும் அபாயம் இவற்றில் குறைவு. தேக்குப் பெட்டி மோதினால் சிதறும், தீப்பற்றினால் எரியும். ஆகவே இம்மாறுதல் அழகுக்காக வந்ததன்று. மீட்டர் பாதைக்கும் இத்தகைய பெட்டிகள் வந்து, கருஞ்சிவப்பு வர்ணத்தோடு இந்தப் பாதையில் நெடுங்காலம் ஓடின.

மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல் எடுபட்டது. அதையே இரண்டாம் வகுப்பு என்றார்கள். பெயர் மாறிய அன்று பலகை மாறவில்லை. 1977 முதல் 1979 வரை ரயில்வே மந்திரியாயிருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகையின்மேல் இரண்டு அங்குல மெத்தை போடும்படி செய்தார். இந்திய ரயில்வே சரித்திரத்தில் பெரிய பாலங்களையும் சுரங்கங்களையும் கட்டியவர்களின் பெயர்கள் பல உண்டு. சாதாரணப் பிரயாணியின் முதுகை நினைத்தவர் என்ற வகையில் இம்மந்திரியின் பெயரையும் அவற்றோடு வைக்கலாம்.

நாடெங்கும் மீட்டர் பாதைகளை அகலப் பாதையாக்கும் திட்டம் 1992இல் தொடங்கிற்று. இந்தப் பாதையின் முறை வந்தபொழுது மாயவரம் - திருவாரூர்ப் பகுதி 2012இல் அகலப் பாதையாயிற்று. அதே வருஷத்தில் திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே மீட்டர் வண்டிகள் நின்றன. வேலை முடிந்து அப்பகுதி முழுவதும் வண்டி ஓடியது 2019 ஜூன் மாதத்தில். ஏழு வருஷம் ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளிக்கூடம் முடித்து வெளியேறும் காலம். பஸ்ஸில் போகப் பழகியவர்கள் திரும்பி வரவேண்டும். அதற்கு வண்டி விரைவாக ஓடவேண்டும். ஓடவில்லை. குறுக்குச் சாலைகளின் கதவுகளுக்குக் காவலாட்கள் நியமிக்கப்படாமையால், கதவு மூடுவோர் ரயிலிலேயே ஏறிவந்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் முன் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிக் கதவை மூடுவார். வண்டி கடந்து மறுபடியும் நிற்கும். அவர் கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. புதிய டீசல் மின்தொடர் வண்டி, புதிய தண்டவாளம், புதிய ஸ்டேஷன் எல்லாம் இருந்தும், நெல் மூட்டை ஏற்றக் காத்திருந்த பழைய கலப்பு வண்டியின் வேகத்துக்கே பிரயாணம் திரும்பிற்று. ஊர்க்காரர்களும் பிரயாணிகள் சங்கங்களும் இதைப் பற்றி விடாமல் எழுதினார்கள்.

2023 ஏப்ரல் 8ஆம் தேதி தாம்பரத்திலிருந்து மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செங்கோட்டைக்கு எக்ஸ்பிரஸ் தொடங்கிவைக்கப்பட்டது. அன்றே திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக உப்பளங்கள் உள்ள அகஸ்தியம்பள்ளிக்கும் அகலப் பாதையில் வண்டி விடப்பட்டது. இத்தகைய எக்ஸ்பிரஸ்களில் படுக்கை வகுப்பும் குளிர்சாதன வகுப்பும் நடுவில் இருக்க, முன்பதிவில்லாப் பெட்டிகள் வழக்கமாகத் தொடரின் முனைகளிலேயே கோக்கப்படுகின்றன. பழைய மூன்றாம் வகுப்பின் வாரிசு அந்தப் பெட்டியே. பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய மாதிரியில் அதற்கு 90 ஆசனங்கள். 1890ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்திலும், அறைக்கு இத்தனை பேர் என்று நிர்ணயித்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் பிரதேச பாஷையிலும் எழுதி வைக்கவேண்டுமென்பது 57வது பிரிவு. ஸ்திரீகளுக்கு ஓர் அறையோ குறித்த ஆசனங்களோ ஒதுக்கவேண்டுமென்பது 58வது பிரிவு. பிரயாணம் செய்யும் அங்கத்தினர்கள் பெட்டிக்குள் நுழைந்ததும் அந்த எண்ணை வாசித்துப் பார்த்து, உள்ளே இருப்பவர்களையும் எண்ணிப் பார்க்கலாம்.